றொபேட்டின் பெயரில் ஓர் உயிர்

உப்புவெளி,
14.02.2024

அன்புள்ள அஞ்சலோ அண்ணாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். நானும் றோஸ் மாமியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களும் அண்ணியும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். தங்கச்சி இப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன்.

உங்கள் அழைப்பு வராதபடி நம்பரை என் போனில் அடைத்து வைத்திருப்பது நான்தான். போனில் கதைத்தால் நீங்கள் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதத்தில் கேட்டால் கேள்வி தாளிலேயே கிடக்கும். அதனால் இனி எல்லாம் தபாலில்தான்.

போன கிழமை றொபேட்டின் முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. கல்லறையில் வைத்த பூவை அடுத்த நாள் போய்ப் பார்த்தால் மான்கள் தின்றுவிட்டுப் போயிருந்தன. பெற்ற தாய் அல்லவா, மாமி செருப்பைக் கழற்றி எறிந்தா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் புருஷன் எப்படிச் செத்தார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வேறு விதமாக எழுதியிருக்கிறபடியால் நான் ஒருதரம் எழுதுகிறேன். துறைமுகக் கரையில் கம்பனியின் பழைய கழிவெண்ணெய்த் தாங்கி. வருஷக் கணக்காக மூடிக் கிடந்த பெரிய இரும்புத் தொட்டி. துப்புரவாக்கச் சொல்லி, இவரோடு வேலை செய்த ஹஸ்மியை இறக்கினார்கள். வாயு பார்க்கிற கருவி இல்லை, இடுப்புக் கயிறு இல்லை. கேட்டதற்கு மேற்பார்வையாளர், "மணக்குது எண்டு வேலையை விட ஏலுமோ, இறங்கடாப்பா" என்றாராம். ஹஸ்மி உள்ளே மயங்கினான். றொபேட் இறங்கி அவனைத் தோளில் தூக்கி மேலே தள்ளிவிட்டார். ஹஸ்மி பிழைத்தான். இவர் ஏறவில்லை.

விசாரணைக்குக் கம்பனி கொடுத்த பதிலை எங்கள் சட்டத்தரணி சோமசேகரம் ஐயா நேற்று எனக்குக் காட்டினார். அதில் உங்கள் பெயர் கிடக்கிறது. "பேராசிரியர் அஞ்சலோ அவர்களின் முதற்கட்டக் கருத்துப்படி, இதுவரை அறியப்படாத நுண்ணங்கி ஒன்று தாங்கிக்குள் நச்சு வாயுவை உண்டாக்கியிருக்கக் கூடும். இதை எவரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது." செத்த வீட்டுக்கு வந்த நீங்கள், நாலாம் நாள் கையுறையும் போட்டுக்கொண்டு தாங்கியடிக்குப் போனீர்கள். அண்ணா றொபேட்டுக்காகத்தான் போகிறார் என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன், மடைச்சி.

ஒரே ஒரு கேள்வி. மூடிக் கிடக்கிற தாங்கியின் சேறு இந்த வாயுவைக் கக்கும், அது ஆளைக் கொல்லும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் அதை விசாரணைக்கு எழுதுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கை மெலனி


ஹம்பேர்க்,
20.03.2024

அன்புத் தங்கை மெலனிக்கு,

ஆண்டவர் உன்னையும் மாமியையும் தேற்றுவாராக. இங்கே நாங்கள் நலம். அண்ணிக்கு மட்டும் முழங்கால் நோ. உன் உடம்பைக் கவனித்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் விஞ்ஞானம் ஓம், இல்லை என்று பதில் சொல்கிற காரியம் இல்லை. நீயும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், உனக்கு இது தெரியும்.

நான் இருபது வருஷமாகத் தேடுவது எதை என்று உனக்கு ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்திருக்கிறோமே, அதைவிடப் பல மடங்கு கொதிக்கிற நீரில் உயிர்கள் இருக்கின்றன. உப்பளத்தில், அமிலத்தில், ஒட்சிசன் துளியும் இல்லாத ஆழக் கடல் சேற்றில், அணுக் கழிவுக்குப் பக்கத்தில்கூட இருக்கின்றன. நாங்கள் இந்தப் பூமியை நாசமாக்கி முடித்து, ஒரு மனிசரும் மிஞ்சாத காலத்திலும் அவை இருக்கும். நாங்கள் விட்டுப்போகும் எண்ணெயையும் இரும்பையும் அவை தின்னும். உண்மையில் இந்த உலகம் அவற்றினுடையது. நாங்கள் வந்து தங்கிப் போகிறவர்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் றொபேட்டுக்கு நடந்தது எவருடைய குற்றமும் அல்ல, இயற்கை.

ஒரு உதவி வேண்டும். நான் கொண்டுவந்த சேற்றில் இருந்த உயிர்கள் வழியில் காற்றுப் பட்டுச் செத்துவிட்டன. காற்றுப் படாமல் அடைத்து அனுப்ப உன்னைவிட நம்பிக்கையான கை எனக்கு அங்கே இல்லை. கம்பனி அனுமதி தரும், கடிதங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். புதிய இனம் என்று உறுதியானால் அதற்கு றொபேட்டின் பெயரையே வைப்பேன். உனக்கும் ஒரு ஆறுதலாக இருக்கும்.

அன்புடன்,
அண்ணா அஞ்சலோ


உப்புவெளி,
11.04.2024

அண்ணாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மாமி மகனின் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறா. அண்ணியின் முழங்காலுக்கு நான் மன்றாடவில்லை. பிறகு மன்றாடுவேன்.

மனிசர் எல்லாம் அழிந்த பிறகு இந்த உலகம் யாருக்கு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு மனிசன் அழிந்த பிறகு இந்த வீடு யாருக்கு என்பதே இன்னும் விளங்கவில்லை. பெயர் வைப்பீர்களாம், பெயர்! என் புருஷனைக் கொன்ற பூச்சிக்கு என் புருஷனின் பெயர். உங்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா? அதை எழுதும்போது பேனை பிடித்த கை கூசவில்லையா?

கம்பனிக்குத் தேவை, ஒருவருக்கும் தெரியாத ஒரு பூச்சி. உங்களுக்கும் தேவை, ஒருவருக்கும் தெரியாத ஒரு பூச்சி. அது கிடைத்தால் அவர்கள் தப்பிவிடுவார்கள், நீங்கள் மேடை ஏறிவிடுவீர்கள். நல்ல பொருத்தம். நடுவில் செத்துக் கிடப்பது யார் என்பதுதான் உங்கள் இருவருக்கும் தேவையில்லை.

சேறு அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நீங்களே வந்து இறங்கி அள்ளுங்கள். வாயு பார்க்கிற கருவி இன்னும் வாங்கவில்லையாம்.

இரண்டாம் தரம் கேட்கிறேன். இந்த வாயு வரும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

மெலனி


உப்புவெளி,
28.06.2024

அன்புள்ள அண்ணா,

சேசுவுக்குப் புகழ். நாங்கள் இங்கே சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இப்போது முழங்கால் எப்படி?

போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கொஞ்சம் கூடத்தான் எழுதிவிட்டேன், குறை நினைக்காதீர்கள். தனியே கிடந்து யோசித்துப் பார்த்தேன். அண்ணா கேட்டது என்ன, ஒரு போத்தல் சேறுதானே. கூடப் பிறந்தவருக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன தங்கச்சி?

சேறு எடுத்தாயிற்று. நீங்கள் சொன்ன மாதிரியே காற்றுப் படாமல் நிரப்பி, மெழுகு வைத்து, இரண்டு உறை போட்டுக் கட்டியிருக்கிறேன். நல்ல கறுப்பு. மணம் சொல்லி வேலையில்லை, இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. பொதி உங்கள் பல்கலைக்கழக முகவரிக்கு வருகிறது. தாங்கியில் எந்த இடத்தில் எடுத்தது, யார் எடுத்தது என்று கம்பனி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தேன். தங்கச்சி அனுப்பினாள் என்று சொல்லுங்கள், போதும்.

பெயர் விஷயத்தையும் உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன்.

மாமி உங்களை விசாரித்தா.

அன்புத் தங்கை,
மெலனி


ஹம்பேர்க்,
02.09.2024

என் அன்புத் தங்கைக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம்! நாங்கள் நல்ல சுகம். உன் பொதி வந்து சேர்ந்த நாளிலிருந்து நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. எல்லாம் சந்தோஷத்தினால்.

மெலனி, அது உயிரோடு இருக்கிறது. வளர்கிறது. நான் பார்த்த எந்த நுண்ணங்கியும் இதைப்போல் இல்லை. ஒட்சிசன் பட்டால் சாகிறது. நாக்கில் வைக்க ஏலாத உப்பிலும் நல்ல புளிப்பிலும் கொழுத்து வளர்கிறது. வாயுவை அள்ளிக் கக்குகிறது. பழைய எண்ணெய்த் தாங்கிக்குள் இப்படியொரு உப்பு எங்கிருந்து வந்தது என்றுதான் இங்கே எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கடல்நீர் கசிந்து உள்ளே வந்ததா? உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் கையைப் பற்றி என் மாணவர்களுக்குச் சொன்னேன். இங்கே யாரிடமிருந்தாவது சேறு வாங்கியிருந்தால் எடுத்த இடத்துக்கு ஆயிரம் அத்தாட்சி கேட்டிருப்பேன். கூடப் பிறந்தவளிடம் என்ன அத்தாட்சி!

கம்பனிக்கு ஒரு வரி எழுதினேன், சந்தோஷப்பட்டார்கள். இறுதி அறிக்கையை வருஷக் கடைசிக்குள் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணா


உப்புவெளி,
30.09.2024

அன்புள்ள அண்ணா,

சேசுவுக்குப் புகழ். நாங்கள் சுகம். கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. வாடை மழை தொடங்க முதல் கூரை ஓடுகளை மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஒரு ஆம்பிளை வீட்டில் இல்லை.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கடற்கரையில் உப்புக்கு என்ன பஞ்சம்? எனக்கு வேறொன்றும் தெரியாது.

அண்ணா, கோபம் இல்லாமல், அழாமல் கேட்கிறேன். அறிக்கையில் ஒப்பமிட முதல் ஒருதரம் நில்லுங்கள். உங்கள் பூச்சி புதிதாக இருக்கட்டும், அதைக் கண்டுபிடித்த புகழ் முழுக்க உங்களுக்கே இருக்கட்டும். ஆனால் அடைத்துக் கிடக்கிற எந்தச் சேறும் இந்த வாயுவைத் தரும், கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்பது பழைய விஷயம் என்று ஒரு வரி சேருங்கள். ஹஸ்மிக்கு இப்போதும் தலைச்சுற்று, வேலைக்குப் போக ஏலாது. அவனுடைய மனுசி றிஷானா பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு தவணைக்கும் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அந்த ஒரு வரி இருந்தால் அவளும் வீட்டில் இருப்பாள்.

மூன்றாம் தரம் கேட்கிறேன். தெரியுமா, தெரியாதா? இதற்குப் பிறகு கேட்க மாட்டேன்.

மெலனி


ஹம்பேர்க்,
15.01.2025

அன்புத் தங்கை மெலனிக்கு,

புது வருஷ ஆசீர்வாதங்கள். நாங்கள் சுகம். பதில் பிந்தியதற்குக் காரணம் உனக்குத் தெரிந்தால் நீ கோபிக்க மாட்டாய்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. புதிய இனம் என்று ஏற்றுக்கொண்டார்கள். சொன்ன சொல் தவறாமல் றொபேட்டின் பெயரையே வைத்திருக்கிறேன். உலகத்தின் எந்த மூலையில் எந்தக் காலத்தில் இதைப் பற்றி எழுதினாலும் அந்தப் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும்.

"மனிதருக்குப் பிறகு" என்ற தலைப்பில் இங்கே பெரிய மண்டபத்தில் உரையாற்றினேன். எழும்பி நின்று கை தட்டினார்கள். வீடியோ எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள், நீயும் பார். கடைசியில் ஒரு பெண் எழும்பி, சேற்றில் சூரை மீனின் டி.என்.ஏ.யும் கறிக்குப் போடுகிற கொறக்காப்புளியின் டி.என்.ஏ.யும் தெரிகிறதே என்று கேட்டாள். யாரோ தொழிலாளி தன் சாப்பாட்டுப் பார்சலைத் தாங்கிக்குள் எறிந்திருக்கிறான், எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி என்றேன். மண்டபமே சிரித்தது.

அறிக்கையைச் சத்தியக் கடதாசியோடு விசாரணைக்கு அனுப்பிவிட்டேன். நீ கேட்ட அந்தக் கேள்வி இனித் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பழையதைக் கிளறாதே. ஜெபம் செய்.

அன்புடன்,
அண்ணா


உப்புவெளி,
24.02.2025

பேராசிரியர் அஞ்சலோ அவர்களுக்கு,

சேசுவுக்குப் புகழ். நான் நல்ல சுகம். ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வீடியோ பார்த்தேன். ஒன்றல்ல, நாலைந்து தரம் பார்த்தேன். சாப்பாட்டுப் பார்சல் என்று சொன்ன இடத்தில் நிறுத்தி, உங்கள் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை விசாரணை. கம்பனிச் சட்டத்தரணி உங்கள் அறிக்கையை எடுத்து வைத்து, "உலகமே வியக்கிற கண்டுபிடிப்பு ஐயா! இந்த நுண்ணங்கி இருக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று முழங்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பிச் சொன்னேன், அந்தச் சேறு தாங்கியிலிருந்து வந்தது அல்ல என்று.

ஓம், அண்ணா. அது தாங்கிச் சேறு அல்ல. மாமி நீர்கொழும்பிலிருந்து கலியாணம் கட்டி வந்தவ என்பதும், அந்தக் கரை வழக்கப்படி சூரை மீனை வெட்டி உப்பும் கொறக்காப்புளியும் போட்டு மாதக்கணக்காகச் சட்டியில் அடைத்து ஜாடி போடுவா என்பதும் உங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நீங்கள் எப்போதாவது இருந்து சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சட்டியின் அடியில் கிடந்த மண்டியை வழித்து, படகு எஞ்சினில் கழித்த கறுப்பு எண்ணெய் ஊற்றிக் கலக்கி, உங்களுக்கு மெழுகு வைத்து அனுப்பினேன். நீங்கள் சத்தியக் கடதாசி எழுதியது எங்கள் குசினிச் சட்டிக்கு. பெரிய மண்டபத்தில் எழும்பி நின்று கை தட்டினார்களே, அது மாமியின் கறிக்கு.

வேண்டுமென்றுதான் செய்தேன். இரண்டரை மாதம் உங்கள் பதிலைப் பார்த்துப் பார்த்து இருந்துவிட்டுச் செய்தேன். நீங்களும் கம்பனியும் ஒரே கயிற்றில் தொங்கினீர்கள், ஒரே வெட்டில் இரண்டு பேரையும் விழுத்த நினைத்தேன். அனுப்பிய பிறகும் தப்ப ஒரு வழி விட்டேன், செப்டெம்பரில். ஒரு வரி எழுதியிருந்தால் உங்களிடம் உண்மையைச் சொல்லி மறித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பொய்ச் சேறு அனுப்பியதற்கு என்ன தண்டனையோ தரட்டும், வாங்குகிறேன். கம்பனிச் சட்டத்தரணி என்னைப் பொய்காரி என்கிறார். அன்றைக்குப் பொய் சொன்னவள் இன்றைக்கு மட்டும் உண்மை சொல்வாளா என்று கேட்கிறார். அது நியாயமான கேள்விதான். உங்களிடம் விளக்கம் கேட்டு எழுதுவார்கள்.

இப்படிக்கு,
மெலனி றொபேட்


ஹம்பேர்க்,
17.03.2025

மெலனி,

சுகம் விசாரிக்க மனம் இல்லை.

நீ சொல்வது பொய். துக்கத்தில் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறேன், அப்படி நினைத்தால்தான் உன்னை மன்னிக்க முடிகிறது. என் சேறு தாங்கிச் சேறுதான். பார்சல் விழுந்திருக்கும், பூனை இழுத்திருக்கும், மீன் எப்படியோ வந்திருக்கும். ஒரு கறிச் சட்டிக்குள் இப்படியொரு உயிர் இருக்க வழியில்லை.

இதையே விசாரணைக்கும் எழுதியிருக்கிறேன். என் சகோதரி மனநலம் குன்றியவள், அவள் சாட்சியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். இந்த நிலைக்கு என்னைத் தள்ளியது நீதான்.

இருபது வருஷம், மெலனி. உனக்கு அது விளங்காது.

அஞ்சலோ


உப்புவெளி,
09.05.2025

அண்ணாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். மாமியும் நானும் சுகம். எனக்கு மனநலம் குன்றவில்லை என்று எங்கள் ஆஸ்பத்திரி டொக்டரே எழுதித் தந்தார். சோமசேகரம் ஐயா அதை உங்கள் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்.

நேற்று விசாரணை முடிந்தது. நடந்ததை நீங்கள் கேட்கத்தான் வேண்டும்.

மாமி வந்தா. வெள்ளைச் சாறி, கையில் செபமாலை, இடுப்பில் சட்டி. வாசலில் காவலாளி, "அம்மா, சாப்பாடு உள்ள கொண்டுபோக ஏலாது" என்று மறித்தான். மாமி, "இது சாப்பாடில்லைத் தம்பி, சாட்சி" என்றா. உள்ளே போய் விசாரணை ஐயாவின் மேசையில் வைத்து, சட்டியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தா. கடவுளே! கம்பனிச் சட்டத்தரணி கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு கதிரையோடு பின்னுக்குப் போனார். ஐயா தானே எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தார்.

பிறகு சோமசேகரம் ஐயா உங்கள் வீடியோவைப் போட்டார். சூரை மீன், கொறக்காப்புளி, சாப்பாட்டுப் பார்சல், சிரிப்பு, எல்லாம். நீங்கள் சிரிக்கிற இடத்தில் விசாரணை ஐயா சட்டியைப் பார்த்தார், பிறகு மாமியைப் பார்த்தார். "இதில என்ன போட்டிருக்கிறீங்கள் அம்மா?" என்று கேட்டார். மாமி சொன்னா: "சூரை, உப்பு, கொறக்கா. வேற ஒண்டும் இல்லை ஐயா. என்ர பிள்ளைக்குச் சரியான விருப்பம்." அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹஸ்மி சாட்சி சொன்னான். பிறகு துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்ந்த கனகசுந்தரம் ஐயாவைக் கூப்பிட்டார்கள். அடைத்த தாங்கிக்குள் இந்த வாயு வரும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே சொல்லித் தருகிற விஷயம், அதற்காகத்தான் கருவி இருக்கிறது என்றார். நான் உங்களிடம் கேட்ட அதே ஒரு வரி. அந்த மனிசனுக்கு எங்களோடு என்ன சொந்தம்? அவர் சொன்னார்.

தீர்ப்பு: கம்பனியின் கவனயீனம். றொபேட் கடமையில், இன்னொரு உயிரைக் காப்பாற்றப் போய் இறந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அனுப்பிய சேற்றைப் பற்றியும் நாலு வரி இருக்கிறது, நல்லதாக இல்லை. வேலை திரும்பக் கிடைக்காது. பரவாயில்லை.

உங்கள் அறிக்கையை ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள். தீர்ப்பின் முழு நகலும் நீங்கள் எழுதிய சத்தியக் கடதாசியும் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கின்றன. நான்தான் அனுப்பினேன். தபாலில் பதிவு செய்து அனுப்பினேன், தவறிப் போகாமல் இருக்க.

வீட்டுக்கு வந்து அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது அண்ணா, மறைக்க மாட்டேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மெலனி


ஹம்பேர்க்,
01.08.2025

அன்புத் தங்கை மெலனிக்கு,

நீயும் மாமியும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய். என்னைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆய்வுகூடக் கதவுத் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். என் மாணவர்கள் என்னைக் கண்டால் வேறு வழியால் போகிறார்கள். நீ நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த உயிர் உண்மை. எடுத்த இடத்தில்தான் ஏமாந்தேன், இனத்தில் அல்ல. அது இதற்கு முதல் ஒருவரும் காணாத இனம்தான் என்று வேறு இரண்டு ஆய்வுகூடங்களும் உறுதி செய்துவிட்டன. வைத்த பெயரை இனி மாற்ற ஏலாது, எங்கள் துறையின் விதி அப்படி. என் பெயர் போய்விடும். றொபேட்டின் பெயர் நிற்கும். நீ போய், நான் போய், மனித குலமே போன பிறகும் அந்தச் சிறு உயிர் ஏதோ ஒரு உப்புக்குள் கிடந்து வாழும். எனக்கு மிஞ்சிய நல்ல காரியம் அது ஒன்றுதான். நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. உனக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

நீ கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில்: ஓம், தெரியும். முதல் நாளே தெரியும்.

தை மாதம் றொபேட்டின் ஆண்டுப் பூசைக்கு நான் வரலாமா? அண்ணியும் வர விரும்புகிறாள். ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவோம்.

அன்புடன்,
அண்ணா


உப்புவெளி,
22.08.2025

அண்ணாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். மாமிக்கு இருமல். எனக்கு ஒரு குறையும் இல்லை. தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை எடுத்திருக்கிறேன். அண்ணியின் முழங்காலுக்கு இப்போது மன்றாடுகிறேன், அவ ஒரு பாவமும் செய்யவில்லை.

உங்கள் பதில் கிடைத்தது. ஓம் என்று எழுத உங்களுக்கு ஒன்றரை வருஷமும் ஒரு பதவியும் செலவாகியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் இனி என்ன செய்ய? விசாரணை முடிந்துவிட்டது.

பூசைக்கு வர வேண்டாம். அண்ணி வரட்டும். நீங்கள் வர வேண்டாம். ஓரமாக நிற்கவும் வேண்டாம். கோவில் வாசலில் உங்களைக் கண்டால் மாமி என்ன செய்வாவோ தெரியாது, நான் என்ன செய்வேன் என்று தெரியும்.

பெயர் நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மனிசர் ஒருவரும் இல்லாத உலகத்தில் பெயர் யாருக்கு? கூப்பிட ஒரு வாய் வேண்டும், கேட்க ஒரு காது வேண்டும். உங்கள் பூச்சி அதை ஒருநாளும் கூப்பிடப் போவதில்லை.

ஹஸ்மி போன கிழமை றிஷானாவோடு வீட்டுக்கு வந்தான். விசாரணையிலும் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னான், சொல்ல வெட்கமாம். தாங்கியின் அடித்தளத்தில் கால் மடிந்து விழுந்தபோது அவன் உம்மாவையும் கூப்பிடவில்லையாம், அல்லாவையும் கூப்பிடவில்லையாம். "றொபேட் அண்ணே" என்றுதான் கூப்பிட்டானாம். அதுவும் ஒரே தரம், குரல் வெளியே வந்ததோ என்றுகூடத் தெரியாதாம். இவர் மேலே நின்றவர். என்ன ஏது என்று கேட்கவில்லை, இறங்கிவிட்டார்.

நான் உங்களை மூன்று தரம் கூப்பிட்டேன், அண்ணா.

மெலனி றொபேட்